வாசலில் தொங்கிய சட்டை

கூண்டுக்குள் கிடந்த பெண் சிறுத்தை அப்போதே பணிந்துவிட்டது. காதுகள் தலையோடு ஒட்டிக்கொள்ள, வயிறு தரையில் பட, மூலையில் சுருண்டு மூத்திரம் பெய்தது. கூண்டின் மேல் பச்சை விளக்கு எரிந்தது. பாடம் ஏறிவிட்டது, இனி அடிக்க வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். கழியைப் பிடித்திருந்த சூசைமணி நிறுத்தவில்லை.

"போதும்யா. பச்சை விழுந்துருச்சு" என்றான் ஒச்சப்பன். அவன் கூண்டின் அந்தப் பக்கத்தில் அச்சவித்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உனக்கு விழுந்துருச்சு. எனக்கு இன்னும் விழல" என்றான் சூசைமணி.

கழி மறுபடியும் கம்பிகளுக்கு இடையில் நுழைந்தது. ஆள் உயரத்துக்கு மேல் நீளம். நுனியில் மின்சாரம். நுனிக்குச் சற்றுப் பின்னால் ஒரு சட்டையைச் சுற்றிக் கட்டியிருக்கும். துறை அதற்குப் படிப்பினைக் கழி என்று பெயர் வைத்திருந்தது. பெயர் வைப்பதில் அந்தத் துறையை மிஞ்ச ஆள் கிடையாது. தன்னையே மனித விலங்கு சமாதானத் துறை என்றுதான் அது அழைத்துக்கொண்டது. சமாதானத்தின் நுனி விலாவில் பட்டதும் சிறுத்தை துள்ளி எழுந்து கம்பியில் முகத்தை மோதியது. கோரைப்பல் ஒன்று உடைந்து சூசைமணியின் பூட்ஸ் அருகே விழுந்தது. அவன் கழியைத் திருப்பிப் பிடித்து, அதன் இரும்புப் பின்முனையால் முதுகில் ஓங்கிக் குத்தினான். எலும்பு முறிகிற சத்தம் கேட்கவில்லை. கேட்கும்வரை குத்தலாம் போலிருந்தது அவனுக்கு.

கீழே சமவெளியில் இருப்பவர்கள் இதைக் கொடுமை என்பார்கள். ஊசிப்பாறை எஸ்டேட்டில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அந்த மலையில் இப்போது மின்வேலி கிடையாது, யானை அகழி கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. எல்லாவற்றையும் அச்சவித்து விழுங்கிவிட்டது. பனிமூட்டம் போலப் பீய்ச்சுகிற மருந்து அது. பால் குடித்து வளரும் எந்த உயிரும் அதை மூச்சில் இழுத்த பிறகு வலித்தால் போதும்; வலிக்கும்போது மூக்கில் என்ன வாசம் இருந்ததோ, அந்த வாசத்தின்மேல் பயம் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிடும். சாகும்வரை போகாது. குட்டிக்கும் குட்டியின் குட்டிக்கும் அது இரத்தத்தோடு போய்ச் சேரும். வலி மட்டும் இல்லையென்றால் மருந்து வெறும் தண்ணீர்தான். பிடிப்பது, பீய்ச்சுவது, மனித வாசத்தைக் காட்டி அடிப்பது, அவிழ்த்துவிடுவது. இந்த வேலைக்குத்தான் பாதுகாப்பு உதவியாளர் என்று பெயர்.

மருந்து ஆளுக்கும் வேலை செய்யும் என்பதை ஒச்சப்பன் தன் மூக்கைக் கொடுத்து நிரூபித்திருந்தான். வேலையில் சேர்ந்த புதிதில் முகமூடி போடாமல், பீய்ச்சிக்கொண்டிருக்கும்போதே பலாச்சுளை தின்றிருக்கிறான். கூண்டுக் கதவு காற்றில் அடித்து மூக்கு உடைந்தது. அன்று முதல் பலாப்பழத்தை எங்கே கண்டாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவான். அடுத்த வருஷம் அவன் மனைவி பவுனுவுக்குப் பிறந்த பெண்பிள்ளையும் பலாப்பழ வாசம் பட்டால் வீல் என்று அலறியது. எஸ்டேட் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆய்வாளர் டாக்டர் நாச்சியார் மட்டும் சிரிக்கவில்லை. முகமூடி இல்லாமல் கூண்டுப் பக்கம் போகக்கூடாது, போட்ட உடுப்பைக் கொதிநீரில் அலசாமல் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்.

கழியில் கட்டிய சட்டைக்கும் அவர் ஒரு விதி வைத்திருந்தார். பல பேருடைய வேர்வையைக் கலந்து காய்ச்சிய 'பொதுவாசம்' என்ற திரவத்தைக் குளிர்பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். அதில் நனைத்த துணியைத்தான் கட்டவேண்டும். ஆனால் அந்தப் புட்டியைத் திறந்தால் குடல் வாய்க்கு வரும். போதாததற்குக் குளிர்பெட்டி பாதி நாள் ஓடாது. ஒருநாள் சூசைமணி தன் சட்டையைக் கழற்றிக் கட்டினான். சிறுத்தை அலறியது, பச்சை விளக்கு எரிந்தது, வேலை முடிந்தது. மனுஷ வேர்வைதானே, யாருடையதாக இருந்தால் என்ன என்று இருவரும் நினைத்தார்கள். அதற்கப்புறம் பொதுவாசப் புட்டிகள் ஓடையில் கொட்டப்பட்டன.

சூசைமணி இந்த வேலைக்கு வந்தது சம்பளத்துக்காக அல்ல. அவனுக்கு ஸ்டெல்லா என்று ஒரு மகள் இருந்தாள். அச்சவித்து வருவதற்கு முந்தைய வருஷம், அவன் மனைவி அமலி பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது, கையெட்டும் தூரத்தில் சோற்றுக்கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளையைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போனது. தேயிலைப் புதருக்குள் அவன்தான் தேடி எடுத்தான். எடுத்ததை அமலிக்குக் காட்டாமல் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு வந்தான். இன்றுவரை அவளுக்குக் காட்டவில்லை, சொல்லவுமில்லை. கழியைப் பிடித்தால் அன்று சுமந்தது மறுபடி கைக்கு வந்துவிடும்.

பெண் சிறுத்தையின் பல் உடைந்த அன்று சாயங்காலம் அமலி அவன் கையைப் பார்த்தாள். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. அவளுக்கு அப்போது ஆறாம் மாதம்.

"இன்னைக்கும் அளவுக்கு மேல அடிச்சீங்களா?"

"கொஞ்சம்."

"அடிச்சா ஸ்டெல்லா வரப்போறாளா?"

"வரமாட்டா. இது பத்திரமா இருக்கும்ல" என்று அவள் வயிற்றைத் தொட்டான் சூசைமணி. அமலி அந்தக் கையை எடுத்துவிடவில்லை. வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, அந்தக் கையையே முக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாள் முதல் அவன் அவளை ஒரு அடி அடித்ததில்லை. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் அது பெரிய செய்தி.

ஒச்சப்பன் செத்தது பட்டப்பகலில்.

கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு நடுவில், தேயிலை வரிசைக்குள் இளஞ்சிறுத்தை ஒன்று வந்து நின்றது. மேலே சுற்றிக்கொண்டிருந்த துறையின் ஆளில்லா வான்தும்பி அதைப் படம்பிடித்து அடையாளம் சொன்னது: பாடம் பெற்ற தாயின் குட்டி. அதனால் யாரும் ஓடவில்லை. ஊசிப்பாறையில் சிறுத்தையைக் கண்டு ஆள் ஓடுவது பழங்கதையாகிவிட்டது. ஆளைக் கண்டு சிறுத்தைதான் ஓடும். ஒச்சப்பன் கூடையொன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கை தட்டி, இடுப்பை ஆட்டி அதை நோக்கிப் போனான். பெண்கள் சிரித்தார்கள்.

"ஏலே, உங்க ஆத்தாளுக்கு வாத்தியார்டா நான். வணக்கம் சொல்லிட்டு ஓடு!"

சிறுத்தை ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி ஒரு கணம் மோந்து பார்த்தது. அப்புறம் பாய்ந்தது. ஒச்சப்பனுடைய கழுத்தில் அது பல்லைப் பதித்தபோதுகூட அவன் முகத்தில் சிரிப்பு முழுசாகப் போயிருக்கவில்லை என்று பிற்பாடு பெண்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள். தேயிலைச் செடிகள்மேல் அவனைப் போட்டு உதறியது. ஒருத்தி கொழுந்துக் கத்தியை வீசினாள்; அது அவன் தொடையிலேயே பட்டது. பவுனு, அவன் மனைவி, அதே வரிசையில்தான் நின்றிருந்தாள். சிறுத்தையின் வாலைப் பிடித்து இழுத்தாள். அது திரும்பி ஒரு அறை விட்டதில் அவள் தோள் கிழிந்து தொங்கியது. அப்போதும் அவள் விடவில்லை.

மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சூசைமணி அலறல் கேட்டு ஓடிவந்தான். கையில் ஒன்றுமில்லை. காற்று அவன் முதுகிலிருந்து வீசியது. சிறுத்தை ஒச்சப்பனைக் கீழே போட்டது. மனிதப் பிள்ளை அழுவது போன்ற ஒரு சத்தம் அதன் தொண்டையிலிருந்து வந்தது. பின்னங்கால்கள் இடற, வந்த வழியும் தெரியாமல், எதிரே இருந்த பாறைச் சரிவில் தலைகுப்புறப் பாய்ந்து, கீழே விழுந்து செத்தது. ஒச்சப்பன் அதற்கு முன்பே போயிருந்தான்.

எஸ்டேட் ஆட்கள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு நேரே துறை அலுவலகத்துக்குப் போனார்கள். மின்வண்டிகளைக் கவிழ்த்தார்கள். கண்ணாடிகள் நொறுங்கின. வாசல் காவலாளியின் மண்டையில் யாரோ செடி கழிக்கும் கவாத்துக் கத்தியின் பிடியால் போட்டதில் அவன் படியிலேயே சரிந்தான். டாக்டர் நாச்சியாரைத் தலைமுடியைப் பற்றி வெளியே இழுத்துவந்தார்கள். பவுனு, கிழிந்த தோளில் சேலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, புருஷனின் பூட்ஸைக் கழற்றி சூசைமணியின் முகத்தில் மாறி மாறி அறைந்தாள். அவன் தடுக்கவில்லை. உதடு கிழிந்து வாயெல்லாம் இரத்தம்.

"நீயும் அவனும் சேந்துதானடா பாடம் நடத்துனீங்க! உன்னையக் கண்டு ஓடுனது அவனைக் கண்டு ஏன்டா ஓடல?"

தரையில் கிடந்த நாச்சியாரின் காதில் அந்தக் கேள்வி விழுந்தது. கைகளை ஊன்றி எழுந்து, கவிழ்ந்த வண்டியிலிருந்து சிதறிய படிப்பினைக் கழியை எடுத்து, அதில் கட்டியிருந்த துணியை மூக்கருகே கொண்டுபோனார்.

"இது பொதுவாசம் இல்லையே. யார் சட்டை இது?"

"என்னுதுங்க மேடம்" என்றான் சூசைமணி. "அந்தப் புட்டி நாறும். ஐஸ்பெட்டியும் ஓடாது. மனுஷ வேர்வைதானேன்னு..."

"எத்தனை பாடத்துக்கு?"

"எல்லாத்துக்குமே."

நாச்சியார் கழியைக் கீழே போட்டார். "மனுஷ வாசம்னு ஒரு வாசம் கிடையாது சூசைமணி. ஆளுக்கு ஒரு வாசம். அத்தனை பேரோடதையும் கலந்து காட்டினாத்தான் அதுக்கு மனுஷன்னு புரியும். நீங்க மனுஷன்கிட்ட பயப்படச் சொல்லித் தரல. உங்ககிட்ட பயப்படச் சொல்லித் தந்திருக்கீங்க. இந்த மலையில இருக்கிற அத்தனை சிறுத்தைக்கும் உங்க ஒருத்தரைத்தான் பயம்."

அடிக்க ஓங்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. லைன் தலைவர் மாசானம்தான் முதலில் விஷயத்தைப் பிடித்தார்; அந்த மாதிரி விஷயங்களில் அவருக்கு மூளை வேகம். பாய்ந்து சூசைமணியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். பொத்தான்கள் தெறித்தன. அடுத்த கணம் அத்தனை பேரும் அவன்மேல் விழுந்தார்கள். கைச்சட்டை ஒருவனுக்கு, காலர் ஒருவனுக்கு, பனியனில் பாதி ஒருத்திக்கு. ஒரு துண்டுக்காக இரண்டு பேர் கட்டிப்புரண்டதில் ஒருவன் விரலை மற்றவன் கடித்தே துண்டாக்கினான். சற்று முன்வரை சூசைமணியைக் கொல்ல வந்தவர்கள், அவனை அரைநிர்வாணமாக விட்டுவிட்டு, கையளவு கந்தலோடு வீட்டுக்கு ஓடினார்கள். பிணத்தருகே பவுனு மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாப் பாடத்தையும் பொதுவாசத்தோடு புதிதாக ஆரம்பிப்போம் என்றார் நாச்சியார். மக்கள் சம்மதிக்கவில்லை. "நீங்க புதுசா பாடம் நடத்தி முடிக்கிறதுக்குள்ள இன்னும் எத்தனை உசிரு போகணும்? எங்களுக்கு சூசை சட்டை போதும்" என்று மறியல் செய்தார்கள். மேலிடமும் யோசித்துப் பார்த்து, அதுவே செலவில்லாத வழி என்று முடிவெடுத்தது. ஊசிப்பாறையில் சூசைமணியின் வாசமே தொடரட்டும். பாடத்துக்குக் கட்டிய சட்டைகளை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. கொதிநீரில் அலசிக் கொடுக்கவேண்டும் என்று நாச்சியார் கூச்சல் போட்டார். அலசிய சட்டையை ஜனங்கள் அவர் வாசலிலேயே எறிந்துவிட்டுப் போனார்கள். வாசம் போன சட்டை யாருக்கு வேண்டும்? கழியிலிருந்து அவிழ்த்த ஈரத்தோடுதான் கேட்டார்கள். மருந்து வலியில்லாமல் வேலை செய்யாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாசலில் தொங்கும் சட்டை யாரை என்ன செய்யப்போகிறது என்றார்கள்.

அப்படியாக ஊசிப்பாறையில் ஒவ்வொரு வீட்டு நிலைப்படியிலும் சூசைமணியின் சட்டை தொங்கியது. சிறுத்தைகள் லைன் பக்கமே வரவில்லை. வாசம் சில நாளில் தேய்ந்துவிடும். புதுச் சட்டை வேண்டும். அவனுக்கு மலை மலையாக உடுப்பு வாங்கிக் கொடுத்தார்கள். வேர்க்கட்டும் என்று வெயிலில் ஓடவிட்டார்கள். முறை தவறிச் சட்டை வாங்கிக்கொண்டான் என்று ஒருவனைக் குடிநீர்த் தொட்டியருகே போட்டு மிதித்ததில் அவன் விலா இரண்டு முறிந்தது. பாடமும் நிற்கவில்லை. ஒச்சப்பனையும் சேர்த்து நினைத்துக்கொண்டு அடித்தான் சூசைமணி. கூண்டிலிருந்து அவிழ்த்துவிட்ட விலங்குகளில் சில நாலடி நடந்து படுத்துச் செத்தன. மிகவும் அடித்த அன்று கட்டியிருந்த சட்டையை யாருக்கும் கொடுக்காமல் தன் வீட்டு வாசலுக்கு எடுத்துக்கொண்டான். அமலிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் வீடு வரிசையில் கடைசி, அதற்கப்புறம் சோலைக்காடு.

இதற்கு நடுவில் ஒரு சின்ன விநோதம். சட்டை கொடுக்க லைனுக்குள் நடந்து போனால் சில வீட்டுப் பிள்ளைகள் அவனைக் கண்டதும் அலறிக்கொண்டு உள்ளே ஓடின. சில வீட்டுப் பெண்களும் ஓடினார்கள். மாசானத்தின் மனைவி ஒருமுறை கையிலிருந்த குழம்புச் சட்டியைப் போட்டு உடைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். "உன் மூஞ்சி அப்படி" என்று மாசானம் கேலி செய்தார். வேறு சில வீடுகளில் பிள்ளைகள் அவன் தோளில் ஏறி விளையாடின. தகப்பனை இழந்த பவுனுவின் மகளோ அவன் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பாள். சூசைமணி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டம் தன்னை அடித்ததைப் பார்த்து மிரண்ட பிள்ளைகளாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

அமலிக்கு வலி கண்ட அன்று காலையிலிருந்து மழை. மலைப்பாதையில் மண் சரிந்து ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட்டது. சூசைமணி மேல்காட்டில் ஒரு கரடிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக் கிழவிகளெல்லாம் கொழுந்துக்குப் போயிருந்தார்கள். பவுனுதான் தோள் இன்னும் சரியாகாத நிலையில் ஓடிவந்தாள். ஒச்சப்பன் செத்த நாளிலிருந்து அவள் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. அமலியின் அலறல் கேட்டதும் அதெல்லாம் அவளுக்கு மறந்துபோனது.

"அக்கா, செத்துருவேன்க்கா."

"சாகமாட்ட. பல்லைக் கடிச்சுக்க. உன் புருஷன் வந்துருவான்."

அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைவலி முற்றும்போது புருஷன் பக்கத்தில் இல்லாவிட்டால் அவன் போட்டிருந்த சட்டையை எடுத்துப் பெண்ணின் மார்மேல் போர்த்துவார்கள். அதன் வாசம் தைரியம் தரும் என்பார்கள். துவைத்ததைப் போர்த்தக்கூடாது, அவன் வேர்வை இருக்கவேண்டும். பவுனு சுற்றும் முற்றும் பார்த்தாள். வாசலில் ஒரு சட்டை தொங்கியது, முந்தின நாள் கொண்டுவந்தது, இன்னும் ஈரம். எடுத்துவந்து போர்த்தினாள். அமலி அதை இரண்டு கையாலும் முகத்தில் அழுத்திக்கொண்டாள். ஒரு நுனியை வாயில் திணித்துக் கடித்தாள். வலி வரும்போதெல்லாம் கணவனின் வாசத்தை மூச்சு முட்ட இழுத்தாள். மூச்சுவிட முடியாதபடி நீண்ட பிரசவம் அது. உடம்பு இரண்டாகக் கிழிந்தது போலிருந்தது அவளுக்கு. கடைசியில் பிள்ளை வெளியே வந்தபோது, துடைக்க வேறு துணி கைக்கு எட்டாததால், பவுனு அதே சட்டையில்தான் பிள்ளையைச் சுற்றினாள். பெண்பிள்ளை.

செய்தி கேட்டு சூசைமணி மழையில் சறுக்கி விழுந்து எழுந்து ஓடிவந்தான். உள்ளே நுழைந்தபோது அமலி சுவரில் சாய்ந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். சட்டையை எப்போதோ வெளியே வீசியிருந்தாள். ஏன் வீசினாய் என்று பவுனு கேட்டதற்கு அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை கண்ணை மூடியிருந்தது. அமலி அவனைப் பார்த்துப் புன்னகை செய்தாள். பார்த்தது கண்தானே, மூக்கு இல்லையே. அவன் கிட்டே வந்து குனிந்தான்.

பிள்ளைதான் முதலில் அலறியது. பசிக்கு அழுகிற அழுகை இல்லை. பாறையில் பாய்ந்த அந்த இளஞ்சிறுத்தையின் தொண்டையிலிருந்து வந்ததே, அந்தச் சத்தம். அடுத்து அமலியின் முகம் மாறியது. கண் அகலத் திறந்தது. பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு சுவரோடு சுவராகப் பின்வாங்கினாள். பாயெல்லாம் இரத்தம்.

"அமலி, நான்தான் புள்ள."

"வராதீங்க. கிட்ட வராதீங்க. ஏன்னு தெரியல, வராதீங்க!"

அவன் இன்னும் ஒரு அடி வைத்தான். தொப்புள்கொடி அறுத்த கத்தி அவள் கைக்கு எட்டும் இடத்தில் கிடந்தது. எடுத்ததும் தெரியாது, வீசியதும் தெரியாது. அவன் கன்னத்திலிருந்து தாடைவரை பிளந்தது. அவன் நின்றான். அவள் மறுபடியும் ஓங்கினாள். தன் கையைத் தானே பார்த்து அழுதுகொண்டே ஓங்கினாள். பவுனு நடுவில் விழுந்து, சூசைமணியின் நெஞ்சில் கை வைத்து, வாசலுக்கு வெளியே மழையில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கதவு சாத்தியதும் பிள்ளையின் அழுகை மெல்ல அடங்கியது.

மறுநாள் கன்னத்தில் தையலோடு நாச்சியாரின் முன்னால் உட்கார்ந்திருந்தான் சூசைமணி. அவர் எதையும் மறைக்கவில்லை.

"மருந்து, வாசம், வலி. மூணும் ஒண்ணா இருந்திருக்கு. பிள்ளையும் அந்த வலிக்குள்ளதானே வந்துச்சு."

"மாத்த முடியாதுங்களா?"

"முடியாது. அழியாம இருக்கணும்னுதானே இதைக் கண்டுபிடிச்சோம்."

"நான் அவளை அடிச்சதே இல்லைங்க மேடம்."

"தெரியும்" என்றார் நாச்சியார். கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

விஷயம் லைன் முழுக்கப் பரவியது. பெண்களுக்குத்தான் முதலில் உறைத்தது: வாசலில் ஈரமருந்தோடு தொங்கிய சட்டையைத் தாண்டித்தான் அவரவர் வீட்டுக்குள் அடி விழுந்திருக்கிறது. அடித்தவன் வாசத்தைவிட அந்தச் சட்டை வாசம் பலமாக இருந்திருக்கிறது. பயம் அடித்தவன்மேல் போகாமல் சட்டைக்காரன்மேல் போய் இறங்கிவிட்டது. சூசைமணி நடந்து போனால் எந்த வீட்டில் பிள்ளை அலறுகிறதோ அந்த வீட்டில் புருஷன் கை நீட்டுகிறான் என்று ஊருக்கே தெரிந்துபோனது. மாசானம் வீட்டுக் கதவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாசானம் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை.

"என்னையச் சொல்லுதீங்க. இவன் பொண்டாட்டி கத்தியால வெட்டிருக்கா! அடிக்காமயா அப்படி ஓடுவா?" என்று குடிநீர்த் தொட்டியருகே எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"வாயை மூடுடா! சட்டையப் போத்துனது நான்" என்று பவுனு கத்தினாள்.

அடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்ய சூசைமணிக்கு வாய் வரவில்லை. எவ்வளவு அடித்திருக்கிறான் என்று அவனுக்கல்லவா தெரியும். கூண்டுக் கம்பியில் முகத்தை மோதிப் பல்லுடைந்த அந்தச் சிறுத்தையின் கண்ணும், சுவரோடு ஒட்டிய அமலியின் கண்ணும் ஒன்றாகத்தான் இருந்தன.

இனிப் பிரச்சினை வாசல்தான். சட்டை வாசலில் தொங்கினால் அமலியும் பிள்ளையும் அந்த வீட்டில் இருக்க முடியாது. சட்டையை எடுத்துவிட்டால் அவர்கள் இருக்கலாம்; ஆனால் பக்கத்தில் சோலைக்காடு. மற்ற எல்லா வீட்டையும் விட்டு ஒதுங்குகிற சிறுத்தைகள், சட்டை இல்லாத கடைசி வீட்டைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? வேறு வீடு கொடுக்கலாம் என்றால் எந்த வரிசையிலும் அவன் சட்டை தொங்காத வாசல் கிடையாது. கழற்றுங்கள் என்றால் கழற்ற யாருக்கும் மனம் வராது. அவரவர் பிள்ளை அவரவர்க்கு. மலையை விட்டுக் கீழே அனுப்பலாம் என்று நாச்சியார் சொன்னார். அமலி மறுத்துவிட்டாள். ஸ்டெல்லாவைப் புதைத்த இடத்தை விட்டு வரமாட்டேன் என்று பவுனுவிடம் சொல்லி அனுப்பினாள். இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தாள்: "அவருகிட்ட சொல்லுக்கா, மனசுல அவரு மேல ஒண்ணும் இல்ல. ஒடம்புதான் கேக்க மாட்டேங்குது."

அதைக் கேட்டு அவன் அழுதான். பாதுகாப்பு உதவியாளர் வேலையை அன்றே விட்டான். கழியை முறித்து ஓடையில் எறிந்தான். எஸ்டேட் விடவில்லை, சட்டை மட்டும் கொடு, சோறு போடுகிறோம் என்றார்கள். கொடுத்தான்.

இப்போது அவன் இருப்பது கடைசி வீட்டுக்கும் காட்டுக்கும் இடையில், ஒரு பாறைமேல். பொழுது சாயும் நேரம், சிறுத்தைகள் காட்டைவிட்டு வெளியே வரும் நேரம் வந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு வெற்றுடம்போடு வந்து உட்காருவான். மலைக்காற்று அந்த நேரத்தில் பெரும்பாலும் வீட்டுப் பக்கமிருந்து காட்டைப் பார்த்து வீசும். அவன் வாசம் காட்டுக்குள் போகும். தூரத்தில் புதர் அசைவதும், ஏதோ ஒன்று பதறித் திரும்பி ஓடுவதும் கேட்கும். பின்னால் வீட்டில் விளக்கு எரியும். அமலி பிள்ளைக்குப் பாலூட்டிக்கொண்டே ஏதோ முணுமுணுக்கிற சத்தம் காற்றில் வரும். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாள் என்று அப்படித்தான் அவனுக்குத் தெரிந்தது.

சில நாள் காற்று திரும்பிவிடும். திரும்பியதை இலையைப் பார்த்தோ மரத்தைப் பார்த்தோ அவன் தெரிந்துகொள்வதில்லை. பிள்ளை அலறும். உடனே எழுந்து காட்டுக்குள் இறங்கி நடப்பான். முள் கிழிக்கும், அட்டை ஏறும். அவனுக்கு முன்னால் சிறுத்தையும் கரடியும் பன்றியும் குட்டிகளை இழுத்துக்கொண்டு அலறியபடி ஓடும். முதுகுக்குப் பின்னால் அவன் மகள் அலறுவாள். அந்த அழுகை நிற்கும்வரை அவன் நடந்துகொண்டே இருப்பான்.